ட்ரம்ப் பேர்ல ஒரு அந்துப்பூச்சி

கேள்வி: ட்ரம்ப் பேர்ல ஒரு பூச்சி இருக்குன்னு வாட்ஸ்அப்ல சுத்துது, நெஜமா இல்ல வழக்கம்போல புருடாவா? நெஜம்னா, நானும் ஒண்ணு புடிச்சு என் பேரையே வெச்சிக்கலாமா? (வாசகர், தேனி)

பதில்: அதிசயமா இந்த தடவ வாட்ஸ்அப் உண்மையத்தான் சொல்லியிருக்கு. அந்த அந்துப்பூச்சியோட அறிவியல் பேரு நியோபால்பா டொனால்ட்ட்ரம்பி, றெக்கைய விரிச்சாலே ஏறக்குறைய 1 செ.மீ. தான் வரும். வாஸ்ரிக் நசாரின்னு கனடா ஆய்வாளர் 2017 ஜனவரில பேர் வெச்சார், ட்ரம்ப் முதல் தடவ பதவி ஏத்துக்க சில நாள் இருக்கும்போது. தலைல மஞ்சள் கலந்த வெள்ளைல செதில் அப்படியே ட்ரம்ப் முடிய வாரி விட்ட மாதிரி இருக்கும், போட்டோவ பெருசு பண்ணி பாத்தீங்கன்னா சிரிச்சிருவீங்க.

ஆனா நசாரி ஒண்ணும் வலைய தூக்கிட்டு காட்டுக்கு போயி இத புடிக்கல. கலிபோர்னியா யுனிவர்சிட்டியோட டேவிஸ் கேம்பஸ்ல போஹார்ட் மியூசியம்னு ஒண்ணு இருக்கு, அங்கேர்ந்து கடனா வாங்கின பழைய பூச்சிகள பாத்துட்டு இருந்தப்போ சிலது மட்டும் தெரிஞ்ச இனத்தோட ஒத்துப் போகல, அப்புறம் டிஎன்ஏ பாத்து, ஆண் பூச்சியோட இனப்பெருக்க உறுப்ப மைக்ரோஸ்கோப்ல அளந்து (அந்துப்பூச்சில இனம் பிரிக்க அதத்தான் முக்கியமா பாப்பாங்க, ட்ரம்ப் பூச்சிக்கு அது அதோட சொந்தக்கார இனத்த விட சின்னதாம், மீம் போடுறவங்களுக்கு வேற என்ன வேணும்) இது புதுசுன்னு உறுதி பண்ணார். தெற்கு கலிபோர்னியாலயும் இருக்கு, மெக்சிகோ பக்கம் பாஹா கலிபோர்னியாலயும் இருக்கு, அதாவது ட்ரம்ப் சுவர் கட்டணும்னு சொன்ன பார்டருக்கு ரெண்டு பக்கமும்! அந்த ஏரியாவ காப்பாத்த நாலு பேர் கவனிக்கட்டும்னுதான் இந்த பேருன்னு நசாரி சொன்னார். ஸ்டண்ட்தான், ஆனா வேலை செஞ்சுது, இல்லன்னா தேனில இருந்து நீங்க கேட்டிருப்பீங்களா?

உங்க பேரு விஷயம்: விதில தடை கிடையாது, ஆனா யாரும் செய்ய மாட்டாங்க, சக ஆளுங்க கலாய்ச்சே கொன்னுருவாங்க. நீங்க புடிச்சு குடுத்தா ஆய்வாளர் உங்க பேர வெக்கலாம், அது நடக்குறதுதான். அதுக்கும் ஒரு பூச்சிய சாம்பிளா மியூசியத்துல வெச்சு, வேற இனத்துலேர்ந்து எப்படி வேறுபடுதுன்னு விவரமா எழுதி பப்ளிஷ் பண்ணணும், ஃபேஸ்புக் போஸ்ட்லாம் செல்லாது.

ஒரு தடவ முறைப்படி வெச்ச பேர, புடிக்கலைன்னு லேசுல தூக்கவும் முடியாது. ஸ்லோவேனியா குகைல கண்ணே இல்லாத ஒரு வண்டுக்கு 1937ல ஹிட்லர் பேர் வெச்சாங்க, இன்னைக்கும் அதே பேர்தான், அந்த பேருக்காகவே காசு குடுத்து வாங்க ஆளுங்க இருக்கறதால பாவம் அந்த வண்டுக்குத்தான் ஆபத்து.