படப்பிடிப்பு முடிந்த பிறகு அந்த நாய்

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தெருநாய்களையும், வீட்டில் வளர்த்துவிட்டுப் பிறகு எங்காவது இறக்கிவிடப்பட்ட நாய்களையும் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கிறோம். எட்டு மாதமாகப் படப்பிடிப்பு நடக்கிறது. போன வாரம் நாங்கள் பின்தொடரும் தாய்நாயின் குட்டி ஒன்று வண்டியில் அடிபட்டது. கேமராவைத் தரையில் வைத்துவிட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். காலில் முறிவு, பிழைத்துவிட்டது. ஆனால் எங்கள் ஒளிப்பதிவாளருக்குக் கோபம். "நாம் பார்க்க வந்தவர்கள், தலையிட்டால் இது ஆவணப்படமே இல்லை" என்கிறார். அன்றிலிருந்து சரியாகப் பேசிக்கொள்வதில்லை. நான் செய்தது தவறா? இன்னொன்று, நாய்க்கடியால் அவதிப்பட்டவர்களையும் படத்தில் சேர்க்க வேண்டுமா? அது நாய்களுக்கு எதிராகத் திரும்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

தவறே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க அந்தக் குற்றவுணர்வு தெரிகிறது.

உங்கள் நண்பர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. 2019இல் எல்சா கிரெம்சரும் லெவின் பீட்டரும் மாஸ்கோ தெருநாய்களை வைத்து எடுத்த 'ஸ்பேஸ் டாக்ஸ்' படத்தில் நாய் ஒரு பூனையைக் கொல்லும் காட்சி வருகிறது. கேமரா விலகாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பார்க்க முடியாத காட்சிதான், ஆனாலும் அங்கே குறுக்கே போகாததை என்னால் ஏற்க முடிகிறது, அது இரண்டு விலங்குகளுக்கு நடுவில் நடப்பது. உங்கள் குட்டியின் மேல் ஏறியது மனிதர் ஓட்டிய வண்டி. அனிந்திதா பத்ராவின் ஆய்வுக்குழு மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட கட்டுரையில், 19 சதவீதம் குட்டிகள்தான் ஏழு மாத வயதைத் தாண்டின என்று இருக்கிறது. செத்துப்போனவற்றில் பாதிக்கும் மேலானவற்றின் சாவுக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள். ஏற்கெனவே நாம் இவ்வளவு தலையிட்டிருக்கிற ஓர் உயிரின் கதையில், கேமரா வைத்திருப்பவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் படம் எப்படி அதிக உண்மையாகும் என்று எனக்குப் புரியவில்லை.

அதோடு, எட்டு மாதம் தினமும் போய் நின்றவர் வெறும் பார்வையாளர் இல்லை. உங்கள் வாசனை அந்தத் தாய்நாய்க்குத் தெரியும், அது குட்டி போட்ட இடத்துக்குப் பக்கத்தில் உங்களை விட்டிருக்கிறது. நீங்கள் அதன் வாழ்க்கைக்குள் போனது குட்டியைத் தூக்கிய அன்று இல்லை, அதற்கு வெகுநாள் முன்பே. அதனால் அந்தக் காட்சியை வெட்டாதீர்கள். தரையில் கிடந்த கேமரா எதையாவது பதிவு செய்திருக்கும் அல்லவா, சக்கரமோ, உங்கள் செருப்போ, வெறும் சத்தமோ, அதை அப்படியே வையுங்கள். நாங்கள் இந்த இடத்தில் குட்டியைத் தூக்கினோம் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டால், உங்கள் நண்பர் பயப்படுகிற பொய் அங்கே இருக்காது.

எனக்கு உண்மையில் கவலை வேறு இடத்தில். படப்பிடிப்பு முடிந்து நீங்கள் கிளம்பிய பிறகு அந்த நாய் என்ன செய்யும்?

விண்வெளிக்கு அனுப்பப்பட்ட லைக்கா மாஸ்கோ தெருவில் பிடிக்கப்பட்ட நாய். குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியவை என்பதால்தான் சோவியத் விஞ்ஞானிகள் தெருநாய்களைத் தேடினார்கள். ஏவுவதற்கு முன்னால் விஞ்ஞானி விளாதிமிர் யாஸ்தோவ்ஸ்கி அதைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளோடு விளையாட விட்டார். 1957 நவம்பர் 3 அன்று அனுப்பினார்கள், திரும்பி வர எந்த ஏற்பாடும் அந்தக் கலத்தில் இல்லை. சில மணி நேரத்திலேயே சூடு தாங்காமல் செத்துவிட்டது என்ற விவரம் 2002இல்தான் வெளியே வந்தது. அந்தக் குழுவில் இருந்த ஓலெக் கசென்கோ, காலம் போகப் போக வருத்தம் கூடுகிறது என்று பின்னாளில் சொன்னார். எனக்கு இதில் தாங்க முடியாதது ராக்கெட்டை விட, அந்த நாய் அவர்களை நம்பியிருந்தது என்பதுதான்.

கைவிடப்பட்ட நாயைக் கொஞ்ச நேரம் கவனித்தாலே தெரிந்துவிடும். தெருவில் பிறந்ததற்கு எந்த வண்டி எப்போது வரும், எந்த வீட்டில் கல் எறிவார்கள், எங்கே எல்லை முடிகிறது எல்லாம் தெரியும். வீட்டிலிருந்து வந்ததற்கு எதுவும் தெரியாது. கழுத்துப்பட்டை இருந்த இடத்தில் முடி படிந்திருக்கும், இறக்கிவிட்ட இடத்தை விட்டு நகராது, அதே மாதிரி வண்டி வந்தால் எழுந்து ஓடும். அந்த இடத்து நாய்கள் விரட்டும்போது எதிர்க்கவும் தெரியாமல் நிற்கும். இப்படி ஒன்றை நீங்கள் மாதக்கணக்கில் பின்தொடர்ந்து, கடைசி ஷாட் எடுத்த மறுநாள் வராமல் போனால், அதற்கு அது இரண்டாவது முறை. படம் திரைக்குப் போவதற்குள் இதற்கு ஏற்பாடு செய்யுங்கள். அதே இடத்தில் இருக்கிற, ஏற்கெனவே சோறு வைக்கிற ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும், நீங்கள் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இதற்கான செலவைப் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. கடிபட்டவர்களைக் கண்டிப்பாகச் சேருங்கள். உலகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்பது மதிப்பீடு, அதில் 99 சதவீதம் நாய்கள் வழியாக வருவது, குழந்தைகள் நிறையப் பேர். அறிகுறி வந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயை வெளியே நிறுத்திவிட்டு நாய்கள்மேல் இரக்கம் காட்டச் சொல்லும் படத்தை நான் நம்பமாட்டேன். அவரைச் சேர்ப்பதால் நாய்க்குக் கெடுதல் வராது. ஓரிடத்து நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டுக்கொண்டே வந்தால் நோய் பரவுவது அடங்கிவிடும், கொல்வதால் அடங்குவதில்லை. அந்தத் தாய்க்கும் நாய்க்கும் தேவைப்படுவது ஒரே ஊசி. இதைப் பின்னணிக் குரலில் விளக்காதீர்கள், தடுப்பூசி போடுகிறவரோடு ஒரு நாள் முழுக்கப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். ஒரு ஷாட்டுக்காகச் சாப்பாடு போட்டு வரவழைக்காதீர்கள், நாய் நடமாடும் நேரமும் வழியும் மாறிவிடும். குட்டி போட்ட இடத்துப் பக்கம் ட்ரோன் வேண்டாம், நமக்குக் கேட்காத சத்தமும் அவற்றுக்குக் கேட்கும். உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிவது, வாலைக் கவட்டுக்குள் இழுப்பது, இதையெல்லாம் பார்த்தால் பின்வாங்குங்கள், எவ்வளவு நல்ல ஃபிரேமாக இருந்தாலும். நாய்களுக்குச் சோறு வைக்கும் இடம் எதுவென்று அடையாளம் தெரியாமல் எடிட் செய்யுங்கள். இங்கே ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்தால் அங்கே கொண்டுவந்து இறக்கிவிடுகிறவர்கள் உண்டு, விஷம் வைக்கிறவர்களும் உண்டு. உங்கள் மூவருக்கும் முன்கூட்டிய ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அதைப் போட்டிருந்தாலும், பல் பட்டால் பதினைந்து நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு மறுபடி ஊசிக்குப் போக வேண்டும்.

உங்கள் நண்பரையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குட்டியைப் பாருங்கள். எட்டு மாதம் அந்தத் தாயைக் கண்ணெடுக்காமல் பார்த்தவர் அவர், குட்டி அவருக்கும்தான் பழக்கம். மாவுக்கட்டு எப்போது பிரிக்கிறார்கள், தாயோடு திரும்பச் சேர்ந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா