வெயிலில் எந்தப் பிளாஸ்டிக் தாங்கும்? – கேள்வி பதில்

கேள்வி: வெளியே கிடந்த நாற்காலி வெளுத்து, உட்கார்ந்ததும் முறிந்துவிட்டது. அதே நாற்காலி வீட்டுக்குள் நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில், எளிதில் கழன்றுவிடும் ஹைட்ரஜன் இருக்கிறது. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து அதைப் பறித்துவிடும். சங்கிலி துண்டு துண்டாகும். கைப்பிடியின் மேல்புறத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளைப் பொடி வரும். மேல்தோல் அரிக்கப்பட்டு, உள்ளே கலந்த சுண்ணப்பொடியும் நிறமியும் வெளிவருகின்றன. வெயில் படாத அடிப்புறத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். பொடி வரத் தொடங்கிய நாற்காலியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். பாலிப்ரொப்பிலீனே ஆகாது என்று சொல்லவில்லை. அமீன் வகை நிலைப்படுத்தி, அதாவது வெயில் சிதைவைத் தடுக்கும் சேர்மானம், கலந்தது பல ஆண்டுகள் உழைக்கும். நிறத்தைப் பார்க்காதீர்கள், சேர்மானத்தைக் கேளுங்கள்.

கேள்வி: பாலிகார்பனேட் கூரைத் தகடு மஞ்சளாகிவிட்டது. தேய்த்தால் போகுமா?

பதில்: போகாது. தேய்த்தால் மிச்சமிருக்கும் காப்புப் படலமும் போய்விடும். பல தகடுகளில் அந்தப் படலம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். எது மேல்புறம் என்று உறைத்தாளில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் உரித்துவிட்டுத் தலைகீழாகப் பொருத்தியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

கேள்வி: அக்ரிலிக்?

பதில்: மஞ்சளாகாமல் இருப்பதில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் கல் பட்டால் உடையும். வெப்பம் 30 டிகிரி ஏறினால் 1 மீட்டருக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். திருகுத் துளையைச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள்.

கேள்வி: கறுப்பு நிறத்தில் வாங்கிவிட்டால் கவலை இல்லைதானே?

பதில்: எந்தக் கறுப்பு? வெளியில் போடும் பாலிஎத்திலீன் குழாய்களில் கார்பன் கறுப்பு என்னும் மிக நுண்ணிய கரிப்பொடியை 2 முதல் 2.5 சதவீதம் வரை, கட்டி தட்டாமல் கலப்பார்கள். அது கதிரை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். சாயம் போட்ட கறுப்புக்கு அந்தத் திறமை கிடையாது.

கேள்வி: ஐயா, கறுப்பு கொதிக்கும். வெப்பம் சிதைவை விரைவுபடுத்தும் என்பது அடிப்படை வேதியியல். வெள்ளைதான் சிறந்தது.

பதில்: வெப்பம் விரைவுபடுத்தும், தொடங்கி வைப்பது கதிர். கதிரை வாசலிலேயே நிறுத்தும் பொருளுக்குக் கொஞ்சம் சூடு பெரிய இழப்பில்லை.

கேள்வி: (அதே வாசகர்) அப்படியானால் ஜன்னல் சட்டங்களை ஏன் வெள்ளையில் செய்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி, தப்பான முடிவு. அவை பிவிசி. ஏறக்குறைய 80 டிகிரியில் இளகிவிடும் பொருள் என்பதால் சூடேறாத நிறம் வசதி. அதிலும் வெள்ளை என்றால் எந்த வெள்ளை? வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடுக்கு இரண்டு படிக வடிவங்கள். ரூட்டைல் வடிவம், மேற்பூச்சுடன், காக்கும். அனட்டேஸ் வடிவமோ வெயிலில் தானே வினையூக்கியாகி, தன்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத் தின்னும். ஆக, உங்கள் வெள்ளையிலும் காவலன் உண்டு, திருடன் உண்டு.

கேள்வி: (இன்னொருவர்) கம்பங்களில் ஓடும் தொலைபேசிக் கம்பிகளின் உறை கறுப்பாக இருப்பதைக் கவனித்தீர்களா?

பதில்: கவனித்தேன். வெள்ளைக் கட்சிக்காரர் பதில் சொல்லட்டும்.

கேள்வி: பசுமைக்குடில் தாளில் நிலைப்படுத்தி இருந்தும் சீக்கிரம் கிழிகிறது.

பதில்: கந்தகம் தூவுகிறீர்களா? அதிலிருந்து உருவாகும் அமிலம் அமீன் வகை நிலைப்படுத்தியை முடக்கிவிடும். என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று சொல்லி, அதைத் தாங்கும் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: முப்பரிமாண அச்சில் வெளிப்புறப் பெட்டி செய்ய ஏபிஎஸ் பிளாஸ்டிக் போதுமா?

பதில்: அதன் உறவுக்காரப் பிளாஸ்டிக்கான ஏஎஸ்ஏ எடுங்கள். ஏபிஎஸ்ஸில் உள்ள பியூட்டடையீன் ரப்பர்தான் வெயிலில் முதலில் சாகும்; ஏஎஸ்ஏயில் அதற்குப் பதில் அக்ரிலேட் ரப்பர். அதே அச்சில் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரியிலேயே வளைந்துவிடும்.

கேள்வி: கறுப்பு கேபிள் டை வாங்கலாமா?

பதில்: எந்தக் கறுப்பு? மேலே படியுங்கள்.

கேள்வி: கறுப்புத் தார்ப்பாய்?

பதில்: மேலே.

கேள்வி: 'வெயில் தாங்கும்' என்று ஒட்டியிருக்கிறது. நம்பலாமா?

பதில்: எந்தப் பிளாஸ்டிக், என்ன நிலைப்படுத்தி, ஐஎஸ்ஓ 4892 (பிளாஸ்டிக்கை ஆய்வக விளக்கொளியில் வைத்துச் சோதிக்கும் தரநிலை) போன்ற எந்தச் சோதனையில் எத்தனை மணி நேரம் நின்றது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒட்டியவருடைய தைரியத்தை மட்டும் பாராட்டிவிட்டு வேறு கடைக்குப் போங்கள்.