55 வயதில் கைக்கு வரும் பணமும் ஏழு பேர் உட்காரும் காரும்

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 29 வருடமாக வேலை செய்கிறேன். அடுத்த ஆண்டு எனக்கு 55 வயது. ஊழியர் சேமநிதியில் (EPF) 260,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. 120,000 வெள்ளிக்கு ஏழு பேர் உட்காரும் புதுக் கார் வாங்க ஆசை. முழுப் பணமும் கட்டி எடுக்கவா, கடனில் எடுக்கவா? பழைய கார் நன்றாகவே ஓடுகிறது. பிள்ளைகள் இருவரும் குடும்பத்தோடு கோலாலம்பூரில். "இந்த வயதில் நமக்கு எதற்கு?" என்கிறார் மனைவி. இவ்வளவு உழைத்தவன் ஆசைப்படக் கூடாதா?
- வாசகர், பினாங்கு

பதில்: தாராளமாக ஆசைப்படலாம், ஐயா. 29 வருடம் ஷிப்ட் பார்த்தவரிடம் ஆசையை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

10 விழுக்காடு முன்பணம் போக 108,000 வெள்ளியை, ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று 9 வருடத்துக்குக் கடன் எடுத்தால், வட்டி மட்டும் 29,160 வெள்ளி. மாதம் 1,270 கட்ட வேண்டும். இப்படி அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கே வட்டி போடும் முறையில், அந்த 3 உண்மையில் 5.5 விழுக்காட்டுக்குச் சமம். 60 வயதில் சம்பளம் நின்றாலும் தவணை நிற்காது.

ரொக்கமாக எடுத்தால் வட்டி இல்லை. ஆனால் 260,000 வெள்ளியை 20 வருடத்துக்குப் பங்கிட்டால் மாதம் 1,083. கார் வாங்கிய பிறகு 583. சேமநிதி ஆண்டுதோறும் தரும் லாபப் பங்கான ஈவைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. 55 ஆனதும் பணத்தை எடுத்தே தீர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அவசியமே இல்லை. உங்கள் 100 வயது வரை அது அங்கேயே இருந்து ஈவு ஈட்டலாம், வேண்டியபோது வேண்டியதை மட்டும் எடுக்கலாம். 2024-க்குச் சேமநிதி தந்த ஈவு 6.3 விழுக்காடு. எல்லா வருடமும் அவ்வளவு வராது.

உங்கள் கடிதத்தில் 'ஏழு பேர்' என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர். மீதி ஐந்து இருக்கைகளும் யாருக்கு? பேரப்பிள்ளைகளோடு ஒரே வண்டியில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று மனம் கிடந்து தவிக்கிறதோ?

என் அப்பாவும் சேமநிதியை மொத்தமாக எடுத்து இப்படித்தான் பெரிய வண்டி வாங்கினார். நாங்கள் ஆளுக்கொரு ஊரில். வாரம் தவறாமல் அதைத் துடைப்பார், பிறகு துணியைப் போர்த்தி மூடிவிடுவார். அம்மா படுக்கையில் விழுந்தபோது அதைப் பாதி விலைக்கு விற்றோம். அப்பா கேட்டது வண்டியை அல்ல, எங்களை. அது எனக்குப் புரிந்தபோது அவர் இல்லை. உங்கள் பிள்ளைகள் இதைப் படித்தால், இந்த மாதமே ஒரு முறை வந்துவிட்டுப் போகட்டும்.

ஆண்டுக்கு 4,000 வெள்ளி ஒதுக்குங்கள். பட்டர்வொர்த் வரை அவர்களுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஏழு இருக்கை வண்டியை வாடகைக்கு எடுங்கள். உங்கள் மனைவி வேண்டாததைச் சொல்லிவிட்டார். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? இன்று இரவே கேளுங்கள்.

அதன் பிறகும் மனம் காரிலேயே நின்றால், 50,000 வெள்ளிக்குள் நல்ல பழைய வண்டியாகப் பார்த்து ரொக்கமாக எடுங்கள். கடன் மட்டும் வேண்டாம்.