இரண்டு வட்ட முத்திரை இருந்தால் அது முதலாம் தொயோகுனி இல்லை

உங்களிடம் உள்ள ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படம் (கபுகி என்ற ஜப்பானிய நாடகத்தின் நடிகர் படம்) 1810இல் ஓவியர் முதலாம் தொயோகுனி வரைந்தது என்று விற்றவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த 1810 சரியில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன வட்ட முத்திரைகள் இருக்கின்றன என்கிறீர்களே, அதுவே போதும். தணிக்கையாளர் இருவர் முத்திரையிடும் முறை 1847இல்தான் வந்தது. தேதி முத்திரையும் இல்லாததால் 1852 தொடக்கத்துக்குள் வைக்கலாம். முதலாம் தொயோகுனி 1825லேயே இறந்துவிட்டார்.

குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். அவருடைய மாணவர் குனிசதா 1844இல் ஆசிரியர் பெயரையே எடுத்துக்கொண்டு 'தொயோகுனி' என்று கையெழுத்திட ஆரம்பித்தார். இடையில் இன்னொருவர் அந்தப் பெயரில் இருந்தும், குனிசதா தன்னை இரண்டாமவர் என்றே சொல்லிக்கொண்டார்! இன்று குனிசதாவை மூன்றாமவர் என்கிறோம்.

கையெழுத்தைச் சுற்றி நீள்வட்டச் சட்டம் இருக்கிறதா பாருங்கள். அதன் மேல் மூலையில் கோடு சுருண்டு முடிச்சுப் போல இருந்தால், பெரும்பாலும் குனிசதாதான்.

நடிகர் பெயர் இல்லாததைப் பார்த்துப் போலி என்று நினைக்க வேண்டாம். 1842இல் கபுகி நடிகர் படங்களுக்கு அரசு தடை போட்டது. பிறகு படங்கள் திரும்பி வந்தபோதும், சில வருடங்கள் பாத்திரத்தின் பெயரை மட்டும் போட்டுச் சமாளித்தார்கள். உடையில் குடும்பச் சின்னத்தைத் தேடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் என்றால் இச்சிகவா தன்ஜூரோ என்ற கபுகி நடிகர் குடும்பம்.

ஒன்று மட்டும் கவனம்: முத்திரையும் மரக்கட்டையில் செதுக்கியதுதான். கட்டையின் காலத்தைத்தான் அது சொல்லும்; உங்கள் தாள் பிறகு அச்சானதாகவும் இருக்கலாம். அப்புறம், தாளின் பின்பக்கப் படம் ஒன்று போடுங்கள்.