வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டதன் காரணம் தேசபக்தியா, மதப்பற்றா?

இரண்டுமே என்பதுதான் சான்றுகளுக்கு நெருக்கமான பதில். செங்கோட்டையில் பிறந்து, திருவிதாங்கூரின் புனலூர் வனத்துறையில் பணியாற்றிய வாஞ்சிநாதன், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான நீலகண்ட பிரம்மச்சாரியின் இரகசிய இயக்கத்தில் சேர்ந்தவர், புதுச்சேரியிலிருந்த புரட்சியாளர் வ.வே.சு. ஐயரின் தொடர்பும் அவருக்கு இருந்தது. 1911 ஜூன் 17 அன்று, மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயிலில் மனைவியுடன் அமர்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, அங்கேயே ஒரு கழிப்பறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார்.

ஆஷ், தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தபோது வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் நிறுவனத்துக்கு எதிராகச் செயல்பட்டவர் என்பதாலும், 1908-இல் சுதேசி இயக்கத்தின்மீது நடந்த அடக்குமுறையில் ஆஷுக்கிருந்த பங்காலும், அவர்மீது சுதேசி இயக்கத்தினருக்கு ஆழ்ந்த பகை இருந்தது. ஆனால் வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் கப்பல் நிறுவனத்தைப் பற்றிப் பேசவில்லை. சனாதன தருமத்தை அழிக்கும் மிலேச்சர் (அந்நியரை இழிவாகக் குறிக்கும் சொல்) ஆட்சி என்று சாடும் அக்கடிதம், முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜை மாட்டிறைச்சி தின்பவர் என இழித்துரைக்கிறது. அக்கால விடுதலை உணர்ச்சி சாதி, மத ஆசாரத்தோடு பிணைந்திருந்ததை மறைத்து அவரை வெறும் தியாகியாக மட்டும் காட்டுவதும், அந்த வரிகளை மட்டும் பிடித்துக்கொண்டு அரசியல் பகையை மறுப்பதும் எனக்கு ஒப்புதல் இல்லை.