ஒற்றை டிக்கில் நிற்கும் பதிப்பாளர்

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, விருத்தாசலம்): 2019 ஜனவரியில் என்னுடைய மூன்று சிறுகதைத் தொகுப்புகளை ஒரு மின்னூல் பதிப்பகத்துக்குக் கொடுத்தேன். இரண்டு தொகுப்புகள் அமேசானின் கிண்டிலில் வந்தன. மூன்றாவது இன்றுவரை வரவில்லை. முதல் வருடம் 1,840 ரூபாய், அடுத்த வருடம் 2,215 ரூபாய் ராயல்டி அனுப்பினார்கள். 2021க்குப் பிறகு கணக்கும் இல்லை, காசும் இல்லை. போன் எடுப்பதில்லை. வாட்ஸப் ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. புத்தகங்கள் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன். என் கதைகள் எனக்குத் திரும்பக் கிடைக்குமா?

பதில்: டீச்சர், ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தேன். மொத்தமே ஒன்றரைப் பக்கம்தான். 'மின்னூல் உரிமை முழுவதையும் அளிக்கிறேன்' என்று இருக்கிறது. எத்தனை வருடத்துக்கு என்று தேடித் தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. அவர்கள் அவசரமாக அடித்த ஒப்பந்தம், உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19(5) பிரிவு, காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்த உரிமை ஐந்து வருடத்துக்கு மட்டும்தான் என்கிறது. கணக்குப் போடுங்கள். 2024 ஜனவரியிலேயே அந்த இரண்டு தொகுப்புகளும் உங்களிடம் திரும்பிவிட்டன.

மூன்றாவது தொகுப்பின் உரிமை அதற்கும் முன்பே உங்களிடம் வந்துவிட்டது. வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி என்கிறது 19(4). ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் விலக்கு. உங்களுடையதில் அப்படி ஒரு வரியும் இல்லை. 'இது உரிமை மாற்றம் அல்ல, வெறும் உரிமம் (பயன்படுத்திக்கொள்ள அனுமதி)' என்று யாராவது வாதாட வந்தாலும், 30ஏ பிரிவு வழியாக இதே விதிகள் உரிமத்துக்கும் பொருந்தும். ஒன்று மட்டும் பாருங்கள். நகலில் கையெழுத்துக்குக் கீழே மாதம் தெரிகிறது, நாள் மங்கியிருக்கிறது. அசலில் நாள் தெளிவாக இருக்கிறதா?

ஆக, இந்தக் கதைகளுக்காக நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 'உரிமையைத் திருப்பித் தாருங்கள்' என்று கடிதம் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் அது இன்னும் அவர்களிடம் இருப்பதாக நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். 'இன்ன தேதியோடு உரிமை முடிந்துவிட்டது, 15 நாளுக்குள் விற்பனையிலிருந்து எடுங்கள், 2021 முதல் கணக்கு அனுப்புங்கள்.' இந்த மூன்றும் போதும்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். ஏன் சொல்கிறேன் என்றால், என்னுடைய இரண்டு புத்தகங்களும் இப்படித்தான் மாட்டின. ஒரு வருடம் பொறுத்துவிட்டு, 'ஏமாற்றுக்காரன்' என்ற சொல்லோடு நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் பதிப்பாளரின் மகளிடமிருந்து வந்தது. அப்பா பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம் ஆகிறது, பேச்சு வரவில்லை என்று எழுதியிருந்தார். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நம் ஊர் மின்னூல் பதிப்பகங்களில் பல, ஒரு ஆளும் ஒரு லேப்டாப்பும்தான். அந்தப் பெண் என் புத்தகங்களை எடுத்துவிடத்தான் நினைத்தார். ஆனால் அமேசான் கணக்கு அப்பாவின் பழைய போன் நம்பரோடு கட்டியிருந்தது. சிம் எப்போதோ கைமாறி, ஓடிபி யாரோ முகம் தெரியாதவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதனால் முதலில் ஆள் இருக்கிறாரா, நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் பதிவு முகவரியும், நிறுவனம் நடப்பில் இருக்கிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்களா என்பதும் தெரியும். கடிதத்தை அந்த முகவரிக்கே அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் ஒப்புகை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். 'வாங்க மறுத்தார்' என்று எழுதி உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே பீரோவில் வையுங்கள். பிரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்று நிரூபிப்பது கஷ்டம்.

தபாலில் போடும் அன்றைக்கே இன்னொரு வேலை. உங்கள் மின்னூலை நீங்களே காசு கொடுத்து வாங்குங்கள், இரண்டிலும் ஒவ்வொன்று. உரிமை முடிந்த பிறகும் விற்கிறார்கள் என்பதற்கு அந்த பில்லை விடப் பெரிய சாட்சி கிடையாது. புத்தகப் பக்கத்தைக் கீழே தள்ளினால் விற்பனைத் தரவரிசை எண் ஒன்று இருக்கும். வாரம் ஒரு தடவை அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். லட்சத்தில் கிடக்கும் எண் ஒரு நாள் திடீரென்று சில ஆயிரத்துக்கு இறங்கினால் யாரோ வாங்கியிருக்கிறார்கள், அல்லது சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எத்தனை பிரதி என்று அதில் தெரியாது. ஆனால் 'விற்பனையே இல்லை, அதனால் கணக்கு இல்லை' என்ற பேச்சை அது நிறுத்திவிடும்.

15 நாளில் பதில் இல்லையென்றால் அமேசானில் பதிப்புரிமை மீறல் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். புத்தகப் பக்கத்தில் இருக்கும் ஏஎஸ்ஐஎன் எண்ணை (அமேசான் தரும் அடையாள எண்) ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். கதையெல்லாம் வேண்டாம்: ஒப்பந்தத் தேதி, உரிமை முடிந்த தேதி, கடிதம் அனுப்பிய தேதி. என் புத்தகங்கள் பதினோராம் நாள் கடையிலிருந்து போயின. அதற்கு முன்னால் அவசரப்பட்டு நீங்களே புதிதாகப் பதிவேற்றிவிடாதீர்கள். ஒரே உரை இரண்டு கணக்கில் இருந்தால் கேடிபி (அமேசானின் சுயபதிப்புத் தளம்) உங்களிடம்தான் உரிமைச் சான்று கேட்கும், சில சமயம் கணக்கையே முடக்கிவிடும். பழையது போன பிறகு ஏற்றுங்கள். மின்னூலுக்கு அங்கே ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) தேவையில்லை. பழைய அட்டையைப் போடாதீர்கள், அது ஓவியருடையதாகவோ பதிப்பகத்துடையதாகவோ இருக்கும்.

பணம்? உண்மையைச் சொன்னால், வருடத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு வழக்குப் போட்டால் வக்கீல் குமாஸ்தாவின் டீச்செலவுக்குக் கூடக் காணாது. அதோடு பாக்கி வசூலுக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு, பழைய வருடங்கள் கை நழுவியிருக்கும். இடையில் அவர் 'பார்த்து அனுப்புகிறேன்' என்று எழுத்தில் எதுவும் சொல்லியிருந்தால் அழிக்காதீர்கள், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓட வாய்ப்பு இருக்கிறது. இதை நீங்கள் செலவில்லாமலே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால் அவர்களே எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். நீதிமன்ற முத்திரையோடு ஒரு தபால் போனால் ஒற்றை டிக் இரட்டை டிக் ஆவதை நானே பார்த்திருக்கிறேன்.

மற்ற வாசகர்கள் இதை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். 'பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு இந்த ஐந்து வருடக் கணக்கு கிடையாது. ராயல்டி தராததைக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க வேண்டும், அதற்கு வக்கீல் வேண்டும்.

கேள்வி (வாசகர், திண்டுக்கல்): பதிப்பாளர் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதலாமா?

பதில்: பணம் வந்த தேதி, நின்ற தேதி, நீங்கள் கடிதம் போட்ட தேதி, இவற்றை மட்டும் எழுதினால் பயமில்லை. 'திருடன்' என்று எழுதினால் அவதூறு நோட்டீஸ் வரும். அத்தனை நாள் போனை எடுக்காதவர் அதற்கு மட்டும் உடனே பதில் அனுப்புவார்.

கேள்வி (வாசகர், கோவில்பட்டி): யூனிகோட் கோப்பு பதிப்பகத்திடம்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது பழைய எழுத்துருவில் அடித்த பேஜ்மேக்கர் கோப்பு. நாவலை மறுபடி முழுதும் அடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பேஜ்மேக்கர் இருக்கும் ஒரு டிடிபி கடையில் உரையை மட்டும் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். எந்த எழுத்துரு என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் அதைத் தேர்ந்தெடுத்துப் போட்டால் நாவல் முழுதும் சில நிமிடத்தில் யூனிகோடுக்கு வந்துவிடும். கொம்பும் காலும் சில இடங்களில் பிரிந்து நிற்கும், 'ஸ்ரீ' உடையலாம், மேற்கோள் குறிகள் வேறு ஏதாவதாக மாறியிருக்கும். அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை மெய்ப்புப் பாருங்கள். என் 180 பக்க நாவலுக்கு ஆறு மாலை பிடித்தது.