கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நம்மவர்களுக்கு டிவியில் பேஸ்போல் பார்க்கச் சலிக்காதா?

முதல் இரண்டு வாரம் எனக்கும் சலித்தது. இப்போது ஒரு ஆட்டம் தவறினால் அன்று முழுக்க மனசு அங்கேயே கிடக்கிறது.

நான் இலங்கையில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை. ரொரன்ரோவில் இருக்கும் சித்தி மகள் "எங்க ஊரு டீமப் பாருங்கக்கா" என்று சொல்லித்தான் புளூ ஜேஸ் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே விடியற்காலை நாலரைக்கு வரும். போனில் டேட்டா போட்டு டிவியோடு இணைத்துவிட்டு பிளேன்டியுடன் உட்கார்ந்தால், பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் பாதி ஆட்டம் ஓடியிருக்கும்.

சலித்ததற்குக் காரணம், நான் ஓட்டங்களை எதிர்பார்த்து உட்கார்ந்ததுதான். கிரிக்கெட்டில் ஒரு ஓவரிலேயே பத்துப் பன்னிரண்டு வந்துவிடும். இங்கே இரண்டரை மணி நேரம் ஆடி 2-1 என்று முடிப்பார்கள். ஓடுவது எனக்குப் புதிதில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு எல்லே ஆடி வளர்ந்தவர்கள் நாம். கம்பால் பந்தை அடித்துவிட்டு வட்டம் சுற்றி ஓடி வரவேண்டும் என்பது யாரும் சொல்லாமலே விளங்கியது. விளங்காமல் இருந்தது, அடிக்காமல் விடும் பந்துகள்தான்.

திரையில் மூலையில் தெரியும் அந்த இரண்டு சின்ன எண்களைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் கண் திறந்தது. ஒன்று போல், மற்றது ஸ்ட்ரைக். அடிக்கத்தக்க இடத்தில் வந்த பந்தை விட்டாலோ, மட்டையை வீசித் தவறவிட்டாலோ ஸ்ட்ரைக். அந்த இடத்துக்கு வெளியே போன பந்தை அடிக்காமல் விட்டால் போல். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அடிப்பவர் அவுட். நான்கு போல் ஆனால் சும்மாவே முதல் பேஸுக்கு, அதாவது ஓடித் தொடவேண்டிய முதல் இடத்துக்கு, நடந்து போகலாம். ஆகவே ஒவ்வொரு பந்திலும் இருவரில் ஒருவர் நெருக்கடிக்குள் போகிறார். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டால் பந்து வீசும் பிட்சர் வேண்டுமென்றே வெளியே வீசி ஆசை காட்டுவார். மூன்று போல் ஆகிவிட்டால் அவரே வழிக்கு வந்தாக வேண்டும். மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக் என்று நிற்கும்போது இரண்டு பேருக்கும் தப்ப இடமில்லை. அந்த நேரத்தில் தையல் மெஷினில் இருந்து காலை எடுத்துவிடுவேன்.

இதற்கு டிவிதான் சரியான இடம் என்பது என் எண்ணம். கேமரா பிட்சரின் முதுகுக்குப் பின்னால் தூரத்தில் இருக்கிறது. அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க உட்கார்ந்திருக்கும் கேட்சர் கையுறையை எங்கே காட்டுகிறார், பந்து அங்கே போய்ச் சேர்ந்ததா, வழியில் எப்படி விழுந்தது என்று எல்லாம் நேராகத் தெரியும். நிலத்தில் குத்தாமல், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து காற்றிலேயே வளைவதை கேலரியில் உட்கார்ந்தவரால் இப்படிப் பார்க்க முடியாது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மட்டையைப் பார்க்காதீர்கள், கேட்சரின் கையுறையைப் பாருங்கள்.

2025 உலகத் தொடரின், அதாவது வட அமெரிக்க பேஸ்போலின் இறுதிப் போட்டித் தொடரின், மூன்றாவது ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. புளூ ஜேஸுக்கு எதிரே லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ். லொஸ் ஏஞ்சலிஸில் ஒக்டோபர் 27 மாலை. நமக்கு 28ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை தாண்டித் தொடங்கியது. இரண்டு அணியும் ஒருமுறை அடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ். ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டிய ஆட்டம் 5-5 என்று நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், ஆட்டம் முடியவில்லை. கொழுந்து எடுக்கப் போனவர்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள், முடியவில்லை. டொட்ஜர்ஸ் அணியின் ஒஹ்தானி அதற்குள் இரண்டு ஹோம் ரன் (வேலி தாண்டும் அடி), இரண்டு டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடவைக்கும் அடி) அடித்திருந்தார். அதன் பிறகு புளூ ஜேஸ் அவருக்கு நான்கு முறை பந்தே போடாமல் முதல் பேஸுக்கு அனுப்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "நல்லா அடிக்கிறவனுக்குப் பந்தே போடமாட்டானுங்களா? இதென்ன நியாயம்?" என்றார். விதி இடம் கொடுக்கிறது என்று விளக்கினேன். ஒரு பேஸைக் கொடுத்து ஒரு ஹோம் ரன்னைத் தவிர்க்கிறார்கள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவன் மேல அவ்வளவு பயம்" என்றார். அதற்குப் பிறகு அவர் எழுந்து போகவே இல்லை.

பதினெட்டாவது இன்னிங்ஸ். டொட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன், மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக். அடுத்த பந்து நடு மைதானத்துக்கு மேலே பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. 6-5. இங்கே மணி பகல் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. என் அணிதான் தோற்றது. ஆனாலும் ஆறரை மணி நேரத்தில் ஒரு பந்தைக்கூட வீண் என்று சொல்லமாட்டேன்.

ஏழாவது ஆட்டம் நமக்கு நவம்பர் 2, ஞாயிறு காலை. 1993க்குப் பிறகு கிண்ணமே தொடாத புளூ ஜேஸ், ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 என்று முன்னால் இருந்தது. வெற்றிக்கு இன்னும் இரண்டு அவுட்தான். அப்போது டொட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமப்படுத்தினார். அதே இன்னிங்ஸின் பின்பாதியில் மூன்று பேஸிலும் புளூ ஜேஸ் ஆட்கள், ஒரே ஒரு அவுட். ஒரு ஓட்டம் போதும். தரையில் உருண்ட பந்தை ரோஹாஸ் எடுத்து ஹோமுக்கு, அடிப்பவர் நிற்கும் தட்டுப் பக்கம், எறிந்தார். கேட்சரின் கால் தட்டில் பட்டதா இல்லையா என்று டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்பா திரைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டார். பட்டிருந்தது, ஓடி வந்தவர் அவுட். பதினோராவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித்தின் ஹோம் ரன், 5-4, எல்லாம் முடிந்தது.

சித்தி மகளுக்கு போன் எடுத்தேன். அங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது. எடுத்தாள், பேசவில்லை. அவள் வீட்டு டிவியின் வர்ணனை போனில் கேட்டது. சில வினாடி கழித்து அதே வார்த்தைகள் எங்கள் டிவியில் வந்தன. அப்படியே ஐந்து நிமிடம் இரண்டு பேரும் வைத்துக்கொண்டிருந்தோம்.